கூரையைப் பிரித்தவர்கள்: மாற்கு நற்செய்தி காட்டும் விசுவாசம்

மாற்கு எழுதிய நற்செய்தியில் மனிதர் எவருக்கும் முன்பே இயேசு யார் என்பதைப் பிழையில்லாமல் சொல்வது ஒரு பேய். கப்பர்நகூம் ஜெப ஆலயத்தில், ஓய்வுநாளில், ஊர் கூடியிருக்கும் நேரத்தில், ஒருவனைப் பிடித்திருந்த அசுத்த ஆவி அவரைக் கடவுளின் பரிசுத்தர் என்று கூவுகிறது. மூன்றாம் அதிகாரத்தில் இன்னும் பல ஆவிகள் அவர் முன் விழுந்து கடவுளின் மகன் என்கின்றன. ஐந்தாம் அதிகாரத்தில், கல்லறைகளுக்கு நடுவே சங்கிலியை முறித்துக்கொண்டு திரிந்தவனுக்குள்ளிருந்து, லேகியோன் என்று பெயர் சொல்லும் கூட்டம் உன்னதக் கடவுளின் மகன் என்று அவரை அழைக்கிறது. இவற்றில் பிழை ஏதும் இல்லை. பிற்காலத்தில் சபை ஞாயிறுதோறும் எழுந்து நின்று அறிக்கையிட்ட உண்மையும் இதுவே.

சீடர்களில் ஒருவர் இதற்குப் பக்கத்தில் வந்து சேர எட்டாம் அதிகாரம் வரை ஆகிறது. பிலிப்புச் செசரியா போகும் வழியில் பேதுரு அவரை மேசியா என்கிறார். ஆனால் மேசியா பாடுபட வேண்டும் என்றதும் பேதுரு அதை மறுக்க, சாத்தான் என்ற கடிந்துரை அவர்மேல் விழுகிறது. அவர் சொன்ன வார்த்தை சரி. அந்த வார்த்தைக்குப் பின்னால் அவர் வைத்திருந்த கடவுள் வேறு.

இனி மறுபக்கம். இந்த நூலில் இயேசு யாருடைய விசுவாசத்தைக் கண்டு நின்றாரோ, யாருடைய விசுவாசத்தை வாய்விட்டுச் சொன்னாரோ, அவர்களிடம் கொள்கை அறிக்கை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஒருவன் பாயில் கிடக்கிறான், பேசவே இல்லை. ஒருத்தி பின்னாலிருந்து ஆடையைத் தொடுகிறாள். பர்திமேயு என்ற குருட்டுப் பிச்சைக்காரன் மட்டும் தாவீதின் மகன் என்ற பட்டத்தைச் சொல்லிக் கத்துகிறான். அந்தப் பட்டம் போதாது என்பதுபோல் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இயேசுவே அதைக் கேள்விக்கு உட்படுத்துகிறார். கடவுளைப் பற்றிய சரியான அறிவு பேய்களிடமும், விசுவாசம் அரைகுறை அறிவு உள்ள இந்த மனிதர்களிடமும் இருக்கும்படி மாற்கு தன் நூலை அமைத்திருக்கிறார். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கடவுள்மேல் உண்மையான விசுவாசம் என்றால் என்ன என்ற கேள்விக்கு விவிலியம் தரும் விடைகளுள் மிகக் கூர்மையான ஒன்று இந்த அமைப்புக்குள் இருக்கிறது.

நான்கு நற்செய்திகளில் மாற்குவே முந்தியது என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. நெடுங்காலம் அப்படி எண்ணப்படவில்லை. மத்தேயுவைச் சுருக்கி எழுதியவர் மாற்கு என்று அகுஸ்தீன் கருதினார், சபையும் அதை ஏற்றது. 1835இல் கார்ல் லாக்மான், 1838இல் வைசே, வில்கே ஆகிய ஜெர்மானிய அறிஞர்கள் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். எருசலேம் ஆலயம் ரோமர்களால் அழிக்கப்பட்ட 70ஆம் ஆண்டை ஒட்டி இந்நூல் எழுதப்பட்டிருக்கலாம் என்பது பரவலான கணிப்பு. அதாவது, நம்பிக்கைக்கு ஆதாரமாக நின்ற கட்டடம் சரிந்துகொண்டிருந்த, அல்லது சரிந்துவிட்ட காலம். அப்போது விசுவாசம் என்று ஒருவர் எதைச் சொல்ல முடியும்?

மாற்கு முதலில் ஒரு கூரையைக் காட்டுகிறார். கப்பர்நகூமில் இயேசு இருக்கும் வீட்டில் வாசலருகிலும் இடமில்லாத கூட்டம். நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைத் தூக்கி வருகிறார்கள். உள்ளே போக வழியில்லாததால் மேலேறி, கூரையைத் தோண்டித் திறந்து, பாயோடு அவனை இறக்குகிறார்கள். தோண்டினார்கள் என்பது உண்மையான வீட்டைப் பார்த்துச் சொன்ன பேச்சு. 1968 முதல் பிரான்சிஸ்கன் துறவிகளான கோர்போவும் லோஃப்ரெடாவும் அந்த ஊரில் நடத்திய அகழாய்வில் முதல் நூற்றாண்டு வீடுகள் வெளிப்பட்டன. கருங்கல் சுவர்கள் கனமான கூரையைத் தாங்கும் வலு இல்லாதவை. மரக்கட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் நாணலும் மண்ணும் போட்ட கூரைதான் பொருந்தும். லூக்கா இதே நிகழ்வை எழுதும்போது கூரைக்கு ஓடு வந்துவிடுகிறது. அவருடைய வாசகர்கள் கிரேக்க நகரங்களில் ஓட்டு வீடுகளைப் பார்த்தவர்கள்.

கீழே இருப்பவர்கள் தலையில் மண் உதிர்ந்திருக்கும். அது பிறர் வீடு. இந்த நான்கு பேரின் பெயரோ, பாயில் கிடப்பவனோடு அவர்களுக்கு என்ன உறவு என்பதோ, இயேசுவைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதோ நமக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். பார்க்கக்கூடிய ஒன்றாக விசுவாசம் இங்கே இருக்கிறது. கூரையில் விழுந்த துளையாக இருக்கிறது. படுத்திருப்பவனுடைய விசுவாசம் என்றுகூடக் குறிப்பாகச் சொல்லவில்லை, அவர்களுடையது என்கிறார். தானே நடந்து வர முடியாத ஒருவனை மற்றவர்களின் விசுவாசம் கடவுளிடம் சேர்க்கலாம் என்பது, விசுவாசத்தை ஒவ்வொருவரின் தனிச் சொத்தாக எண்ணிப் பழகியவர்கள் நின்று யோசிக்க வேண்டிய இடம்.

அதே அறையில் வேதபாரகர்களும் இருக்கிறார்கள். மாற்கு அவர்களைப் பற்றி முதலில் குறிப்பிடுவது அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை. திமிர்வாதக்காரனின் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று இயேசு சொன்னதும், கடவுள் ஒருவரைத் தவிர யார் பாவத்தை மன்னிக்க முடியும் என்று தங்களுக்குள் எண்ணுகிறார்கள். இறையியலாக அது முழுக்கச் சரி. எந்த யூத, கிறித்தவ ஆசிரியரும் அதில் குறை காண மாட்டார். ஆனால் சரியான கொள்கையோடு உட்கார்ந்திருப்பவர்களும் மண்ணைத் தோண்டுபவர்களும் ஒரே காட்சியில் வரும்போது, விசுவாசம் என்ற சொல் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும்.

பழைய கையெழுத்துப் படிகள் நிற்கும் 16:8 வரை எண்ணினால், விசுவாசம் என்ற பெயர்ச்சொல் மாற்குவின் கிரேக்க மூலத்தில் ஐந்தே இடங்களில் வருகிறது. கூரை பிரித்தவர்களிடம் ஒருமுறை, பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் வாடிய பெண்ணிடம் ஒருமுறை, பர்திமேயுவிடம் ஒருமுறை, அத்திமரம் பட்டுப்போனபின் சீடர்களுக்குச் சொன்ன அறிவுரையில் ஒருமுறை. மீதமுள்ள ஒன்று புயலில் சிக்கிய படகில், இல்லாத ஒன்றாக வருகிறது. இன்னும் விசுவாசம் இல்லையா என்று கேட்கப்படுபவர்கள் கூடவே இருந்து, உபமானங்களுக்குத் தனியாக விளக்கமும் கேட்ட சீடர்கள். நெருங்கியிருந்தவர்களிடம் அது இல்லை. தொலைவில் இருந்தவர்களிடம் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் கதையை மாற்கு இன்னொரு கதையின் நடுவே செருகுகிறார். யவீரு என்ற ஜெப ஆலயத் தலைவர், சாகும் நிலையில் கிடக்கும் பன்னிரண்டு வயது மகளுக்காக இயேசுவின் காலில் விழுகிறார். இயேசு அவரோடு புறப்படுகிறார். வழியில், கூட்டத்துக்குள், இந்தப் பெண் வருகிறாள். யவீருவின் மகள் பிறந்ததிலிருந்து எத்தனை ஆண்டோ, அத்தனை ஆண்டாக நோயில் இருப்பவள். மருத்துவர்கள் பலரிடம் போய், இருந்ததையெல்லாம் செலவழித்து, முன்பைவிட மோசமானவள். லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தின்படி தொடர்ந்து உதிரப்போக்கு உள்ளவள் தீட்டுள்ளவள். அவள் படுத்ததும் உட்கார்ந்ததும் தீட்டாகும். பிரசங்கங்களில் இதை வைத்து யூதச் சட்டம் கொடியது, இயேசு அதை உடைத்தார் என்று சொல்வதுண்டு. அது சரியான வாசிப்பு அல்ல. கூட்டம் அவளை விரட்டியதாக மாற்கு எழுதவில்லை, இயேசு சட்டத்தைப் பழித்ததாகவும் எழுதவில்லை. ஆமி-ஜில் லெவின் போன்ற யூதப் புதிய ஏற்பாட்டு அறிஞர்கள் இதைப் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். கதையின் பாரம் சட்டத்தில் இல்லை, அவளுடைய உடலிலும் அவள் நீட்டிய கையிலும் இருக்கிறது.

ஆடையைத் தொட்டால் போதும் என்று அவள் எண்ணியதை மந்திர நம்பிக்கை என்று உரையாசிரியர்கள் சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆற்றல் தன்னிலிருந்து புறப்பட்டதை உணர்ந்து இயேசு யார் தொட்டது என்று கேட்கிறார். அவள் நடுங்கிக்கொண்டே முன்வந்து உண்மை முழுவதையும் சொல்கிறாள். அவர் அவளுடைய எண்ணத்தைத் திருத்தவில்லை. ஆடைக்கு ஆற்றல் இல்லை, முதலில் இதைப் புரிந்துகொள் என்று பாடம் நடத்தவில்லை. அவளை மகள் என்கிறார். இந்த நூலில் அவர் வேறு எவரையும் அப்படி அழைக்கவில்லை. அவளைக் காப்பாற்றியது அவளுடைய விசுவாசமே என்கிறார். குணப்படுத்திய ஆற்றல் தன்னிடமிருந்து போயிருக்க, பெயரை அவளுடைய நம்பிக்கைக்குக் கொடுக்கிறார்.

யவீரு இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தத் தாமதத்துக்குள் அவருடைய மகள் இறந்துபோகிறாள். செய்தி வந்ததும் இயேசு அவரிடம் அஞ்ச வேண்டாம், விசுவாசித்தால் போதும் என்கிறார். எதைப் போல விசுவாசிப்பது என்பதற்கு அந்த நிமிடம் அவர் கண்முன் இருந்த ஒரே எடுத்துக்காட்டு அந்தப் பெண்தான். ஊரின் மதிப்புக்குரிய ஜெப ஆலயத் தலைவர், கையில் காசில்லாத, பெயர்கூடச் சொல்லப்படாத ஒருத்தியிடமிருந்து விசுவாசத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு கதையை இன்னொன்றுக்குள் வைக்கும் மாற்குவின் கலை, விளக்கம் ஒன்றும் சொல்லாமலேயே இதைச் செய்துவிடுகிறது.

தீரு பகுதியில் வரும் சீரோபேனிக்கியப் பெண்ணின் கதை இன்னும் கடினமானது. மகளிடமிருந்து பேயைத் துரத்தக் கேட்கிறாள். பிள்ளைகள் முதலில் உண்ணட்டும், அவர்களுடைய அப்பத்தை நாய்களுக்குப் போடுவது நல்லதல்ல என்ற பொருளில் இயேசு மறுக்கிறார். இந்த மறுப்பை மென்மையாக்கப் பல முயற்சிகள் நடந்திருக்கின்றன. அவள் விசுவாசத்தைச் சோதித்தார், செல்ல நாய்க்குட்டியைத்தான் சொன்னார் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அவை நிறைவு தரவில்லை. கெர்ட் தைசன் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இந்தக் கதையின் பொருளாதாரப் பின்னணியைச் சுட்டிக்காட்டினார். தீரு செல்வம் கொழித்த துறைமுக நகரம். உணவுக்குக் கலிலேயாவின் உட்பகுதி வயல்களை நம்பியிருந்தது. அப்போஸ்தலர் பணிகள் 12ஆம் அதிகாரமும் அந்தக் கடற்கரை ஊர்கள் ஏரோது அரசரின் நாட்டு விளைச்சலைச் சார்ந்திருந்ததைக் குறிப்பிடுகிறது. பஞ்சக் காலத்தில் கலிலேய உழவர்களின் தானியம் அங்கே போய்ச் சேரும். பிள்ளைகளின் அப்பம் என்ற சொல்லுக்கு அந்த எல்லையில் பழைய வலி உண்டு. மறுப்பின் கடுமை இதனால் குறையவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்திருக்கும் என்பதாவது தெரிகிறது.

அவள் திரும்பிப் போகவில்லை. மேசைக்குக் கீழே இருக்கும் நாய்களும் பிள்ளைகள் சிந்தும் துணுக்குகளைத் தின்னுமே என்கிறாள். அவமதிப்பாக வந்த உவமையை அவள் எடுத்துத் தன் மகளுக்கான வழியாக மாற்றுகிறாள். மாற்குவில் இயேசுவோடு வாதிட்டு அவருடைய முடிவை மாற்றியவள் இவள் ஒருத்திதான். இந்தப் பேச்சுக்காக, போ, உன் மகள் விடுபட்டாள் என்ற பொருள்பட அவர் பதில் சொல்கிறார். மத்தேயு இதே கதையை எழுதும்போது அவளுடைய விசுவாசம் பெரியது என்ற பாராட்டைச் சேர்க்கிறார். மாற்கு சேர்க்கவில்லை, அவளுடைய பேச்சே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. கடவுளின் மறுப்பைக் கேட்டபின்னும் கடவுளோடு பேச்சைத் தொடர்வதை விசுவாசத்தின் உச்சமாகப் பார்க்கும் மரபு இது. வேர் எபிரேய வேதத்தில் இருக்கிறது. ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் ஆபிராம் கடவுளை நம்பினார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற புகழ்பெற்ற குறிப்புக்கு இரண்டு வசனம் தள்ளி, இதை நான் எப்படி அறிவேன் என்று அதே ஆபிராம் கேட்கிறார். நீதிமானின் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் எடுத்தாளும் ஆபகூக்கின் வாக்கியமும், எத்தனை காலம் கூப்பிடுவேன், கேட்க மாட்டீரா என்று கடவுளிடம் முறையிட்ட தீர்க்கதரிசிக்கு வந்த மறுமொழிதான். முறையீட்டை வெட்டிவிட்டு விசுவாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ள இந்த நூல்கள் இடம் தருவதில்லை.

ஒன்பதாம் அதிகாரத்துத் தகப்பனிடம் வருவோம். இந்தக் கட்டுரையில் அவனுக்கே அதிக இடம் தர விரும்புகிறேன். சிறுவயதிலிருந்தே மகனை ஓர் ஆவி கீழே தள்ளுகிறது. நுரை தள்ளி, பல்லைக் கடித்து, விறைத்துப் போகிறான். நெருப்பிலும் தண்ணீரிலும் விழுந்திருக்கிறான். வலிப்பு நோயின் அடையாளங்களை இதில் பலர் கண்டிருக்கிறார்கள். தகப்பன் அவனைச் சீடர்களிடம் கொண்டுவந்தான், அவர்களால் முடியவில்லை. இப்போது அவர்கள் வேதபாரகர்களோடு வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பையன் பக்கத்தில் கிடக்க, விவாதம் நடக்கிறது. இயேசு அங்கே வந்து, விசுவாசமில்லாத தலைமுறை என்று மனம் நொந்து பேசுகிறார்.

உம்மால் ஏதாவது முடிந்தால் செய்யும் என்று தகப்பன் கேட்கிறான். பல ஆண்டு பல இடங்களில் ஏமாந்தவனின் பேச்சு அது. முடிந்தால் என்ற சொல்லை இயேசு பிடித்துக்கொண்டு, விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும் என்கிறார். அப்போது அவன் கதறிச் சொல்வது இரண்டு செய்திகள்: தான் விசுவாசிப்பதாகவும், தன்னுடைய விசுவாசமின்மைக்கு உதவும்படியும். முதல் பாதியை மட்டும் சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும், இரண்டாம் பாதியை மட்டும் சொல்லியிருந்தால் அவன் அங்கே நின்றிருக்கவே மாட்டான். இயேசு அந்த மீதி அவிசுவாசம் நீங்கும்வரை காத்திருக்கவில்லை. பையனைக் கைப்பிடித்துத் தூக்குகிறார்.

பின்னர் வீட்டுக்குள் சீடர்கள், எங்களால் ஏன் முடியவில்லை என்று கேட்கிறார்கள். இவ்வகை ஜெபத்தால் மட்டுமே வெளியேறும் என்பது பதில். பல படிகளில் உபவாசமும் சேர்ந்திருக்கிறது. மிகப் பழைய படிகளில் அது இல்லை. ஆனால் இந்தக் கதையில் எங்கே ஜெபம் நடந்தது? இயேசு ஜெபித்ததாக ஒரு வரி இல்லை. சீடர்கள் ஜெபித்ததாகவும் இல்லை. கதை முழுவதும் தேடினால் கிடைக்கும் ஒரே ஜெபம் அந்தத் தகப்பனின் கதறல். ஆறாம் அதிகாரத்தில் பேய்களைத் துரத்திய அனுபவம் சீடர்களுக்கு இருந்தது, அதைத் தங்கள் கைத்திறமையாக அவர்கள் எண்ணியிருக்கலாம். தகப்பனிடம் திறமை எதுவும் இல்லை. தன் விசுவாசமின்மையைக்கூட அவன் கடவுளிடமே ஒப்படைக்கிறான்.

சுகமளிக்கும் கூட்டங்களில், குணமாகாத பிள்ளையோடு திரும்பும் பெற்றோரிடம் உங்கள் விசுவாசம் போதவில்லை என்று சொல்லியனுப்புவதைக் கேட்கும்போது இந்தத் தகப்பன் நினைவுக்கு வருகிறான். அப்படிச் சொல்வது கொடுமை; மாற்குவை மறுப்பதும்கூட. இந்த நற்செய்தியில், உதவி கேட்டு வந்த நோயாளி எவரையும் அவர்களுடைய விசுவாசக் குறைவைக் காட்டி இயேசு திருப்பி அனுப்பவில்லை. நாசரேத்தில் அவரால் பெரிய செயல் எதுவும் செய்ய முடியவில்லை என்றும், அவர்களுடைய அவிசுவாசத்தைக் கண்டு வியந்தார் என்றும் மாற்கு எழுதுவது உண்மை. மத்தேயு அந்த முடியவில்லை என்பதைச் செய்யவில்லை என்று மாற்றிவிடும் அளவுக்கு அது நெருடலான வாக்கியம். ஆனால் அங்கே அவிசுவாசம் எனப்படுவது நோயாளிகளின் தளர்ச்சி அல்ல. இவன் தச்சன்தானே, மரியாளின் மகன்தானே என்று, தெரிந்தவனிடமிருந்து கடவுள் எதுவும் தர முடியாது என முடிவுகட்டிவிட்ட ஊரின் நிறைவுணர்வு. அங்கும் அவர் சில நோயாளிகள்மேல் கைவைத்துக் குணமாக்கினார் என்று மாற்கு கூடவே எழுதுகிறார். கடிந்துரைகள் எப்போதும் ஊழியம் செய்பவர்களை நோக்கியும் நிறைந்தவர்களை நோக்கியுமே போகின்றன. இன்று அவற்றை எடுத்து நோயாளிமேல் எறிகிறோம்.

இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் பகுதி பதினொன்றாம் அதிகாரத்தில் உள்ளது. கடவுள்மேல் விசுவாசம் வையுங்கள், இந்த மலையைப் பார்த்துப் பெயர்ந்து கடலில் விழு என்று ஐயமின்றிச் சொன்னால் ஆகும், கேட்பவற்றைப் பெற்றுக்கொண்டோம் என்று நம்புங்கள் என்ற கருத்துள்ள பகுதி. அமெரிக்கப் போதகர் கென்னத் ஹேகின், 1934இல் இதை வாசித்தே தான் சிறுவயது நோயிலிருந்து எழுந்ததாகச் சாட்சி சொன்னார். அவர் வழியே வளர்ந்த போதனை, வாயால் அறிக்கையிட்டதைக் கடவுள் தந்தே தீர வேண்டும் என்ற அளவுக்குப் போய், இன்று தமிழ்ச் சபைகளின் மேடைகளிலும் ஒலிக்கிறது. மாற்கு அந்தப் பேச்சை எங்கே வைத்தார் என்பது அந்தப் போதனையில் காணாமல்போகிறது. எருசலேம் ஆலயத்தில் வியாபாரிகளை விரட்டியபின், அந்த ஆலயம் நிற்கும் மலைக்கு எதிரே, இந்த மலை என்று சொல்லப்படுகிறது. அது ஆலய மலையா, ஒலிவ மலையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எப்படியானாலும் பேச்சு ஒருவரின் வீடு, வேலை, வருமானம் பற்றியதல்ல. ஆலயமே இல்லாமல் போனாலும் கடவுளிடம் ஜெபிக்க முடியுமா என்பது பற்றியது. அதற்கு அடுத்த வசனம், ஜெபிக்க நிற்கும்போது யார்மேலாவது குறை இருந்தால் மன்னியுங்கள் என்கிறது.

எல்லாம் கூடும் என்ற அதே சொல் கெத்செமனேயிலும் வருகிறது. தகப்பனிடம் சொன்ன அந்தச் சொல்லை இப்போது இயேசுவே தன் பிதாவிடம் சொல்லி, இந்தப் பாத்திரத்தை என்னைவிட்டு அகற்றும் என்று கேட்கிறார். கூடவே, என் விருப்பப்படி அல்ல என்றும். திரும்பவும் போய் அதையே கேட்கிறார். மேலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை, பாத்திரம் அகலவில்லை. ஐயமில்லாமல் கேட்டால் கிடைக்கும் என்பது விதியென்றால், இந்தத் தோட்டத்தில் விசுவாசம் குறைந்தவர் இயேசு என்று சொல்ல வேண்டிவரும். மாற்குவின் நூலை முழுதாக வாசித்த எவரும் அதைச் சொல்லத் துணிய மாட்டார்கள். படகில் அவர் உறங்க, சீடர்கள் பயத்தில் அலறினார்கள். இங்கே அவர் கலங்கி விழுந்து கிடக்க, அவர்கள் உறங்குகிறார்கள். எப்போது அஞ்ச வேண்டும், எப்போது அமைதியாக இருக்கலாம் என்பதே அவர்களுக்கு மாறிப்போயிருக்கிறது.

சிலுவையருகே தலைமைக் குருக்கள் ஒரு நிபந்தனை வைக்கிறார்கள்: இப்போது இறங்கி வரட்டும், கண்டு விசுவாசிப்போம். கண்டபின் நம்புவது என்ற இந்த வரிசையைப் பதினைந்து அதிகாரங்களாக மாற்கு மறுத்துக்கொண்டே வந்திருக்கிறார். இயேசுவோ 22ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தைக் கூவுகிறார், கடவுள் தன்னைக் கைவிட்டதேன் என்று. அந்தச் சங்கீதம் துதியில் முடிகிறது, ஆகவே அது நம்பிக்கையின் குரலே என்று விளக்குவோர் உண்டு. கூக்குரலின் கூர்மையை மழுக்கும் விளக்கம் அது. கைவிடப்பட்டவராகத்தான் அவர் கேட்கிறார். ஆயினும் கேட்பது கடவுளிடமே, என்னுடையவர் என்று உரிமை சொல்லியே. சீரோபேனிக்கியப் பெண்ணும் அந்தத் தகப்பனும் நின்ற இடத்தில் இப்போது அவரே நிற்கிறார். அவர் இறந்த விதத்தைக் கண்டு, எதிரே நின்ற ரோம நூற்றுக்கதிபதி இவர் கடவுளின் மகன் என்கிறான். பேய்கள் அதிகாரத்தையும் ஆற்றலையும் கண்டு சொன்னதை, மனிதன் ஒருவன் இந்த நூலில் முதன்முறையாகச் சொல்வது தோல்வி என்று தோன்றும் ஒன்றைக் கண்டு.

யூதச் சிந்தனையாளர் மார்ட்டின் பூபர் 1950இல் வெளியிட்ட இருவகை நம்பிக்கை பற்றிய நூலில், ஒருவரைச் சார்ந்து நிற்பதையும் ஒரு செய்தியை உண்மை என்று ஏற்பதையும் பிரித்தார். முன்னதை இஸ்ரவேலின் வழியாகவும் பின்னதைப் பவுல், யோவான் வழிவந்த கிறித்தவமாகவும் கண்டார். இயேசுவை முன்னதன் பக்கத்தில் வைத்தார். பவுலைப் பற்றிய அவர் கணிப்பு எனக்கு ஏற்புடையதல்ல. உரோமையர் 4ஆம் அதிகாரத்தில் பவுல் காட்டும் ஆபிரகாம், செத்ததற்குச் சமமான உடலோடு வாக்குறுதியைப் பற்றிக்கொண்டிருக்கும் கிழவர். செய்தி ஒன்றுக்குத் தலையாட்டியவர் அல்லர். ஆனால் பூபர் சுட்டிய ஆபத்து உண்மையானது, அதைப் புதிய ஏற்பாடே அறிந்திருக்கிறது. கடவுள் ஒருவரே என்று பேய்களும் நம்பி நடுங்குகின்றன என்று யாக்கோபின் நிருபம் சொல்லும்போது மாற்குவின் முதல் அதிகாரத்தையே கேட்கிறோம். 1522இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் லூத்தர் அந்த நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். செயலால் மீட்பு என்ற வாணிபத்தை எதிர்த்துப் போராடியவரின் அச்சம் அது, புரிந்துகொள்ளக் கூடியதே. ஆயினும் கூரையைப் பிரித்த கைகளைக் கூலிக்கு உழைத்தவை என்று யாரும் சொல்ல முடியாது. யாக்கோபு பேசுவது அந்தக் கைகளைப் பற்றி.

மாற்குவின் கடைசிப் பக்கம் தனிச் சிக்கல். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகளில் இந்நூல் 16:8 உடன் நின்றுவிடுகிறது. காலிக் கல்லறையிலிருந்து பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இப்படியா ஒரு நற்செய்தி முடியும் என்று முற்கால வாசகர்கள் தவித்ததால் பிற்சேர்க்கைகள் எழுந்தன. அவற்றில் நீண்டது, விசுவாசிப்பவர்கள் பாம்புகளைக் கையால் எடுப்பார்கள், சாவுக்கேதுவான எதைக் குடித்தாலும் தீங்கு வராது என்று அடையாளங்களை அடுக்குகிறது. அதை எழுத்துக்கு எழுத்தாகக் கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டென்னசி மலைப்பகுதியில் ஆராதனைகளில் நச்சுப்பாம்புகளைக் கையில் ஏந்தும் வழக்கம் பரவியது. அதைப் பரப்பியவர்களில் முதன்மையான ஜார்ஜ் வென்ட் ஹென்ஸ்லி 1955இல் பாம்பு கடித்தே இறந்தார். அடையாளம் காட்டி நிறுவும் விசுவாசம் அது. பரிசேயர்கள் வானத்திலிருந்து அடையாளம் கேட்டபோது பெருமூச்சுவிட்டு மறுத்த எட்டாம் அதிகாரத்து இயேசுவுக்கு அது அந்நியமானது.

பழைய முடிவில் அடையாளம் எதுவும் இல்லை, ஒரு செய்தி மட்டும் இருக்கிறது. கல்லறைக்குள் இருந்த வெள்ளாடை இளைஞன் பெண்களிடம் சொல்லியனுப்புவது: அவர் உங்களுக்கு முன்னே கலிலேயாவுக்குப் போகிறார் என்று அவருடைய சீடர்களுக்கும் பேதுருவுக்கும் சொல்லுங்கள். கைதான இரவில் அத்தனை பேரும் ஓடிவிட்டவர்கள். பேதுரு மூன்று முறை மறுதலித்து, சபித்து, ஆணையிட்டவர். சீடர்கள் என்ற சொல்லுக்குள் பேதுருவும் அடக்கம்தான். அப்படியிருந்தும் மாற்கு அந்தப் பெயரைத் தனியாக எழுதுகிறார்.